வளைகோட்டை ஆளும் புள்ளிகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சந்திவெளிக்கு அப்பால், வாழைச்சேனைக்கு இப்பால் அமைந்தது கிரான் என்னும் ஊர். கிழக்கே கடல், மேற்கே ஆறும் தாழ்நிலமும் வயலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் நீர்நாடு. மாரி பெருகிய ஆண்டுகளிற் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வழியை வெள்ளம் மூடிக்கொள்ள, அப்பாலுள்ள ஊர்களின் மக்கள் படகிலும் உழவு இயந்திரத்திலும் ஏறியே நீரைக் கடந்திருக்கின்றனர். அங்ஙனம் கடக்கும் படகொன்றின் விளிம்பு அணியத்திலிருந்து புறப்பட்டு நடுவில் அகன்று அமரத்திற் சென்று ஒடுங்கும் வளைவை உற்று நோக்குவார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. இவ்வளைவை வரையறுப்பது எது? இப்படகு சிதைந்துபோயின், இதே வளைவை மீண்டும் ஆக்குதற்கு எதனைக் குறித்து வைத்தல் வேண்டும்?

நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். வட்டத்துக்கு மையமும் ஆரையும் போதும். இவை யூக்கிளிட்டின் காலந்தொட்டு மாணவர் அறிந்தவை. ஆனாற் படகின் வளைவு நேர்கோடும் அன்று; வட்டமும் அன்று; ஓரிடத்தில் மெல்லவும் மற்றோரிடத்தில் விரைந்தும் வளைவது. அதனைச் சில எண்களால் முற்றாகச் சொல்லிவிடுதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எளிதாக இருக்கவில்லை. இன்று கணினித்திரையிற் சில புள்ளிகளைத் தொட்டு இழுத்து எவ்வகை வளைவையும் ஆக்குகின்றனர். அப்புள்ளிகளைக் கட்டுப்புள்ளிகள் என்பர். அவை பிறந்த வரலாறு கப்பற் பட்டறையில் தொடங்கி, போர்க்கள ஆய்வுகூடத்தையும் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளையும் கடந்து வருகின்றது. அதன் முதற்பகுதியிலே தமிழருக்கும் இடமுண்டு.

தமிழ்க் கரைகளில் மரக்கலம் கட்டிய மரபு தொன்மையானது. ஏரா, வங்கு, அணியம், அமரம் எனக் கலத்தின் உறுப்புக்களுக்குத் தமிழில் தனிப்பெயர்கள் வழங்குதல் இதற்குச் சான்று. கப்பல் சாத்திரம் என்னும் பெயரில் 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் தமிழ் நூலொன்றும் உண்டு. எனினும், நூல் சொல்வன பெரும்பாலும் அளவுகளும் நிமித்தங்களுமே. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்றால் நீளத்துக்கும் அகலத்துக்கும் இடையே பலகை எவ்வாறு வளைந்து செல்லும் என்பது சொல்லப்பட்டதாகாது. அது கட்டுவோனின் கண்ணில் இருந்தது. சோழமண்டலக் கரையில் அலைவாயைக் கடக்கப் பயன்பட்ட மசூலாப் படகில் வங்கே இல்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைத்தனர். அங்கே வளைவைத் தீர்மானித்தவை பலகையின் வெட்டும் மரத்தின் வளையும் இயல்பும் ஆகும். வரைதாள் அங்கே நுழையவேயில்லை.

இம்மரபின் ஆற்றலுக்கு ஈழம் தந்த பெருஞ்சான்று அன்னபூரணி. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட இப்பாய்க்கப்பல் ஏறத்தாழ 90 அடி நீளமுடையது. வில்லியம் ஆல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி இதனை வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திய அக்கப்பல் சுயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அத்திலாந்திக் பெருங்கடலைத் தாண்டி, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ஊர்ப்பெருமைக்காக அடிக்கடி எடுத்துரைக்கப்படும் இந்நிகழ்ச்சியைப் பிறிதொரு கோணத்திலும் நோக்குதல் தகும். அத்தகைய உடல்வளைவை ஆக்கும் அறிவு மேத்திரிமாரின் கையளவையிலும் கண்ணளவையிலும் தலைமுறை தலைமுறையாக வந்தது. மேத்திரி மறைந்து மாணாக்கனும் இல்லையாயின் அறிவும் மறையும். கலம் எஞ்சினாலும் வளைவின் இலக்கணம் எஞ்சாது.

மேலைநாட்டுக் கப்பற் பட்டறைகள் இவ்விடரை வேறொரு வழியால் எதிர்கொண்டன. அங்கே பட்டறையின் மேல்மாடத்திற் பரந்த தளமொன்று இருக்கும். கப்பலின் குறுக்கு வெட்டுக்களையும் நெடுக்கு வளைவுகளையும் அத்தளத்தில் உண்மையளவில் வரைவர். வளைவு வரைய மெல்லிய நீண்ட மரப்பட்டி ஒன்றை எடுத்து, வேண்டிய இடங்களிலே அதனை ஈய எடைகளால் நிறுத்துவர். பட்டி தன் இயல்பால் வளைந்து, எடைகளுக்கிடையே மென்மையான கோடாக அமையும். அதன்வழியே கோலோட்டிக் கோடிடுவர். அப்பட்டிக்கு ஸ்பிளைன் என்று பெயர். மூக்குப்போல் வளைந்த கொக்கியோடு குந்தியிருக்கும் அவ்வெடைகளைத் தொழிலாளர் வாத்துக்கள் என்றே அழைத்தனர். தொழிற்பெயர்களில் இத்தகைய நகைச்சுவை எல்லா நாட்டிலும் உண்டு.

பட்டி ஏன் அழகாக வளைகின்றது? தனக்கு விதிக்கப்பட்ட புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு, இயன்ற அளவு குறைந்த வளைவு ஆற்றலோடு இருக்க அது முயல்கின்றது. வளைக்கப்பட்ட மீள்தன்மைக் கோலின் வடிவங்களை ஒயிலர் 1744ஆம் ஆண்டிலேயே கணிதத்தால் ஆராய்ந்திருந்தார். ஆனால் அக்கணிதமும் பட்டறைத் தளமும் ஒன்றையொன்று ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சந்திக்கவில்லை. கற்றோர் ஒருபுறமும் கைவினைஞர் ஒருபுறமும் நின்றமை நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று.

இரண்டாம் உலகப் போர் அவ்விருசாராரையும் ஒன்று சேர்த்தது. ஒரே வானூர்தியின் உறுப்புக்களை வெவ்வேறிடங்களில் ஆயிரக்கணக்கில் ஆக்க வேண்டியிருந்தபோது, தளத்தில் வரைந்த கோடு இடத்துக்கிடம் மயிரிழை மாறுவதும் பொறுக்கத்தக்கதாக இல்லை. நோர்த் அமெரிக்கன் வானூர்தி நிறுவனத்திற் பணியாற்றிய ரோய் லைமிங், கூம்பு வெட்டுக்களை, அதாவது நீள்வளையம், பரவளைவு, அதிபரவளைவு ஆகியவற்றைக் கொண்டு வானூர்தி உடலை எண்களாகவே எழுதும் முறையை வகுத்து, 1944இல் நூலாக வெளியிட்டார். வரைபடத்தை அளந்து எண் பெறுவது பழைய முறை. எண்ணிலிருந்து வரைபடம் பெறுவது இப்புதிய முறை. இதன் பயன் யாதெனில், எண்ணைக் கடிதத்தில் அனுப்பலாம். எங்கே வரைந்தாலும் வளைவு ஒன்றே. அதே போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் எறிபடை ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ஐசாக் ஷோன்பேர்க் என்னும் கணிதர், துண்டு துண்டான பல்லுறுப்பிகளை மூட்டுத் தெரியாமல் இணைக்கும் முறையை ஆராய்ந்து 1946இல் வெளியிட்டார். அம்முறைக்குப் பட்டறைப் பட்டியின் பெயரையே அவர் வைத்தார். அதனால் ஸ்பிளைன் என்ற சொல் மரத்திலிருந்து கணிதத்துக்கு வந்தது.

இதுவரை சொன்னவற்றிற் புள்ளிகள் எல்லாம் வளைகோட்டின் மீதே கிடந்தன. வாத்து பட்டியைப் பிடித்த இடம் கோட்டின் ஓரிடம். வளைகோட்டின் மீது இல்லாத புள்ளிகளாற் கோட்டை ஆளலாம் என்னும் எண்ணம் பாரிசு நகரத்து மோட்டார் வண்டி நிறுவனங்கள் இரண்டில், ஒன்றையொன்று அறியாமற் பிறந்தது.

போல் த காஸ்தெல்ஜோ 1930இற் பிறந்தவர். கணிதம் கற்று 1958இற் சித்ரொயென் நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே வண்டியுடலின் வடிவத்தைக் களிமண் மாதிரியிலிருந்து உலோகத் தகட்டுக்குக் கொண்டு செல்வது பெருந்துன்பமாக இருந்தது. 1959இல் அவர் கண்ட முறை வியக்கத்தக்க எளிமையுடையது. மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்க. முதற்புள்ளி தளத்தில் 0 என்னும் இடத்திலும், இரண்டாவது 2 என்னும் இடத்துக்கு மேலே 4 அலகு உயரத்திலும், மூன்றாவது தளத்தில் 4 என்னும் இடத்திலும் இருப்பதாகக் கொள்க. முதலிரண்டின் நடுப்புள்ளி 1 என்னும் இடத்தில் 2 உயரம். பின்னிரண்டின் நடுப்புள்ளி 3 என்னும் இடத்தில் 2 உயரம். இவ்விரு நடுப்புள்ளிகளின் நடுப்புள்ளி 2 என்னும் இடத்தில் 2 உயரம். இதுவே வளைகோட்டின் நடுவிலுள்ள புள்ளி. நடுவுக்குப் பதிலாக மூன்றிலொரு பங்கு, நாலிலொரு பங்கு என எவ்விகிதத்தைக் கொண்டாலும், அவ்விகிதத்தையே மூன்று முறையும் கொண்டால் வளைகோட்டின் வேறொரு புள்ளி கிடைக்கும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்த சிறுவன் செய்யக்கூடிய கணக்கு இது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. நடுக்கட்டுப்புள்ளி 4 உயரத்தில் இருக்க, வளைகோடு எட்டியதோ 2 உயரமே. அப்புள்ளியை 6க்கு உயர்த்தினாற் கோடு 3க்கு உயரும். புள்ளி கோட்டைத் தொடுவதில்லை, தன்பால் ஈர்க்கின்றது. கோடு முதற்புள்ளியிற் புறப்படும்போது இரண்டாம் புள்ளியை நோக்கிய திசையிலே புறப்படுகின்றது. கட்டுப்புள்ளிகளைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கயிற்றின் எல்லையை விட்டு ஒருபோதும் வெளியே போவதில்லை. ஆகவே புள்ளிகளைப் பார்த்த அளவில் வளைவின் போக்கை ஊகித்துவிடலாம். கணிதம் அறியாத வடிவமைப்பாளன் கையிலும் இதனைக் கொடுக்கலாம் என்பதே இதன் பெருமை.

சித்ரொயென் நிறுவனம் இதனை வணிக இரகசியமாகப் பூட்டி வைத்தது. த காஸ்தெல்ஜோவின் அறிக்கைகள் நிறுவனத்துக்குள்ளேயே கிடந்தன. இதற்கிடையில் றெனோ நிறுவனத்திலே பொறியியலாளராக இருந்த பியர் பெசியே (1910–1999) தனியே அதே வளைகோட்டை அடைந்தார். கனவடிவப் பெட்டியொன்றுள் அடிப்படை வளைகோடு ஒன்று இருப்பதாகவும், பெட்டியைச் சாய்த்தாற் கோடும் உடன் சாய்வதாகவும் அவர் கருதினார். அவருடைய முதற்சமன்பாடுகள் புள்ளிகளை அன்றிப் புள்ளிகளை இணைக்கும் பக்கங்களையே கொண்டிருந்தன. பெசியே தம் முறையை 1960களில் வெளிப்படையாக எழுதினார். அதன்மீது அமைந்த யுனிசேர்வ் என்னும் முறை றெனோவிற் செயற்பட்டது. 1972இற் பொரெஸ்ற் என்னும் அறிஞர், அவ்வளைகோடுகள் ரசியக் கணிதர் பேர்ன்ஸ்ரைன் 1912இல் எழுதிய பல்லுறுப்பிகளே என்று காட்டிப் புள்ளிகளின் மொழியிற் பெயர்த்து எழுதினார். அறுபது ஆண்டுகளாகக் கொள்கையளவில் மட்டும் போற்றப்பட்டு, கணிப்புக்கு உதவாதவை எனக் கருதப்பட்ட பல்லுறுப்பிகள் அவை.

எழுதியவருக்குப் பெயர் நின்றது, எழுதவிடப்படாதவருக்கு நிற்கவில்லை. உலகம் அவ்வளைகோட்டைப் பெசியே வளைகோடு என்றே அழைக்கின்றது. த காஸ்தெல்ஜோவின் அறிக்கைகளை ஜெர்மானிய அறிஞர் வொல்ப்காங் போம் 1970களில் வெளிக்கொணர்ந்த பின்னர், கணக்கிடும் முறைக்கு மட்டும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2022இல் அவர் மறைந்தார். அறிவைப் பூட்டி வைத்ததனால் நிறுவனம் பெற்ற ஊதியம் யாதாயினும், அதனைக் கண்டவர் இழந்தது தெளிவு. இவ்விடத்தில் வல்வெட்டித்துறை மேத்திரிமாரையும் நினைவுகூர்தல் பொருந்தும். அவர் அறிவை எவரும் பூட்டி வைக்கவில்லை. எழுதுவதற்கு ஒரு மொழி அவர்க்கு வாய்க்கவில்லை, அவ்வளவே. விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

பெசியே வளைகோட்டுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஒரு புள்ளியை அசைத்தால் முழு வளைகோடும் அசையும். அணியத்தைத் திருத்தப் புகுந்தவன் அமரத்தையும் கெடுப்பான். இக்குறையை நீக்கியது ஷோன்பேர்க்கின் மரபில் வந்த பீ-ஸ்பிளைன். கார்ல் த போர், இங்கிலாந்தின் மோறிஸ் கொக்ஸ் ஆகிய இருவரும் 1972இற் பீ-ஸ்பிளைனை வழுவின்றிக் கணிக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். 1973இற் சிறக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சட் ரீசன்பெல்ட் தம் ஆய்வேட்டில் இதனை வடிவமைப்புக்கு ஏற்ற கருவியாக்கினார். இங்கே வளைகோடு பல துண்டுகளாலானது. துண்டுகள் கூடும் இடங்களுக்கு முடிச்சுக்கள் என்று பெயர். முடிச்சுக்கள் சம இடைவெளியில் அமைந்த மூன்றாம் படி வளைகோட்டில், முடிச்சொன்றிலுள்ள கோட்டுப்புள்ளி அடுத்தடுத்த மூன்று கட்டுப்புள்ளிகளின் கலவையாகும்: முதலதில் ஆறிலொரு பங்கு, நடுவதில் ஆறில் நாலு பங்கு, மூன்றாவதில் ஆறிலொரு பங்கு. நடுப்புள்ளியை 6 அங்குலம் தள்ளினாற் கோடு அவ்விடத்தில் 4 அங்குலம் தள்ளப்படும். அதன் ஆட்சி நான்கு துண்டுகளோடு முடிகின்றது. அதற்கப்பால் உள்ள கோடு இம்மியும் அசையாது.

இரண்டாவது குறை சற்று நுட்பமானது. சாதாரணப் பல்லுறுப்பியால் வட்டத்தைப் பிசகின்றி எழுத இயலாது. எத்துணை நெருங்கினாலும் அது வட்டம் போன்றதே, வட்டம் அன்று. உருளையும் கூம்பும் நிறைந்த இயந்திரத் தொழிலுக்கு இது ஒவ்வாது. லைமிங்கின் கூம்பு வெட்டுக்கள் ஒருபுறமும் புதிய ஸ்பிளைன்கள் ஒருபுறமுமாக இரு மொழிகள் வழங்கின. கென் வேர்ஸ்பிரில் என்பவர் 1975இல், அதே சிறக்கியூஸ் பல்கலைக்கழகத்தில், ஒவ்வொரு கட்டுப்புள்ளிக்கும் நிறை என்னும் எண் ஒன்றைச் சேர்த்து, விகிதமுறு பீ-ஸ்பிளைனை ஆய்வேடாக எழுதினார். மூன்று கட்டுப்புள்ளிகளை எடுத்து, இறுதிப் புள்ளிகளின் நிறையை 1 எனக் கொண்டு நடுப்புள்ளியின் நிறையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நிறை 0 ஆனால் நேர்கோடு. 1க்குக் குறைந்தால் நீள்வளையத் துண்டு. 1 ஆனாற் பரவளைவு. 1க்கு மேற்பட்டால் அதிபரவளைவு. சம நீளமுள்ள இரு பக்கங்கள் செங்கோணத்திற் கூடுமிடத்தில் நடுப்புள்ளி நின்று, அதன் நிறை 0.7071 அளவில், அதாவது இரண்டின் வர்க்கமூலத்திற் பாதியாக அமையின், கிடைப்பது பிசகற்ற கால்வட்டம். அப்பலோனியசின் கூம்பு வெட்டுக்கள் அனைத்தும் ஓர் எண்ணைத் திருகுவதிலேயே அடங்கிவிட்டன! முடிச்சுக்கள் சீராக இருக்க வேண்டியதில்லை என்னும் விரிவையும் சேர்த்து, சீரிலா விகிதமுறு பீ-ஸ்பிளைன் என்னும் நீண்ட பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களால் இதனை நேர்ப்ஸ் என வழங்கினர். வானூர்தி உறுப்புக்களை எண்ணாகப் பரிமாறும் பொதுவிதியிலே நேர்ப்ஸைச் சேர்க்குமாறு போயிங் நிறுவனம் 1981இல் முன்மொழிந்தபின் அது தொழிலுலகின் பொதுமொழியாயிற்று.

அடுத்து வந்தது திருத்தும் கலை. 1980இற் போம் ஒரு வழியாலும், கோகன், லீக்க, ரீசன்பெல்ட் மூவரும் வேறொரு வழியாலும், வளைகோட்டின் வடிவம் சிறிதும் மாறாமற் புதிய முடிச்சுக்களைச் செருகும் முறையைக் கண்டனர். முடிச்சொன்று செருகினாற் கட்டுப்புள்ளி ஒன்று கூடும். கோடு அப்படியே இருக்கும். ஆனால் அவ்விடத்தை நுட்பமாகத் திருத்தும் உரிமை கிடைக்கும். ஒரே இடத்தில் முடிச்சுக்களை அடுக்கினால் மென்மை குறையும். மூன்றாம் படிக் கோட்டில் இரண்டு முடிச்சு அடுக்கியவிடத்திற் திசை ஒன்றி நின்றும் வளைவளவு ஒன்றாமற் போகலாம்; மூன்று அடுக்கினாற் கூர்முனை உண்டாகலாம். அணியத்திற் பலகை இரண்டு கூடும் விளிம்பை இவ்வாறே ஆக்குகின்றனர்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து மக்நீல் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ரைனோ என்னும் மென்பொருள் இக்கருவிகளைப் பெரும் நிறுவனங்களின் சுவர்களுக்கு வெளியே, சிறு படகு வடிவமைப்பாளரின் மேசைக்குக் கொணர்ந்தது. அதிலே வளைகோடொன்றைத் தெரிந்துகொண்டால் இருவகைப் புள்ளிகளைக் காட்டச் செய்யலாம். ஒருவகை கோட்டின் மீதே கிடப்பவை. மற்றொருவகை கோட்டுக்கு அப்பால் நிற்கும் கட்டுப்புள்ளிகள். புதிதாகக் கற்போர் பெரும்பாலும் முதல்வகையையே நாடுவர். கோட்டை நேரே பிடித்து இழுக்கலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆனாற் கோட்டின் மீதுள்ள புள்ளியொன்றை இழுத்தாற் கட்டுப்புள்ளிகள் பலவும் ஒருங்கே இடம்பெயர்ந்து, எதிர்பாராத இடத்திற் கோடு நெளியும். வாத்தை அசைத்தாற் பட்டி முழுதும் அசைந்ததை ஒப்பது இது. கட்டுப்புள்ளியை இழுப்போன் தொலைவிலிருந்து ஆள்கின்றான். கோடு அமைதியாக அவன் வழி வருகின்றது.

மற்றொரு பொதுப்பிழை, புள்ளிகளை மிகுதியாக இடுதல். அளந்த ஒவ்வோரிடத்திலும் ஒரு புள்ளி வைத்தால் துல்லியம் கூடும் என்று கருதுவர். உண்மையில் அளவையின் சிறுபிழை ஒவ்வொன்றும் ஒரு நெளிவாகக் கோட்டில் ஏறிவிடும். நல்ல வடிவமைப்பாளர் இயன்ற அளவு குறைந்த புள்ளிகளைக் கொண்டு தொடங்கி, போதாத இடத்தில் மட்டும் முடிச்சுச் செருகுவர். கோட்டின் மென்மையைச் சோதிக்க, வளைவளவைச் சீப்பின் பற்களைப்போற் கோட்டின்மேல் நிறுத்திக் காட்டும் வசதியும் உண்டு. பற்களின் நுனி சீராக ஏறி இறங்கின் கோடு நன்று. திடீரெனத் துள்ளின் குறையுடையது. பட்டியின் முனையிற் கண்ணை வைத்து ஒருக்கணித்து நோக்கிய பழைய தச்சன் கண்டதும் இதனையே. அவனுக்குச் சீப்பு வேண்டியிருக்கவில்லை.

இருவகைப் புள்ளிகளைப் பற்றிப் பேசுமிடத்தில் முற்றத்துக் கோலத்தை நினையாதிருத்தல் அரிது. தைப்பொங்கலன்று கிரானிலும் பிற தமிழூர்களிலும் அரிசிமாவினால் இடும் புள்ளிக் கோலங்களில் இரு வகை உண்டு. ஒன்றிற் புள்ளிகளைக் கோடு இணைத்துச் செல்லும்; மற்றதில், சிக்குக் கோலம் என வழங்குவதில், கோடு எப்புள்ளியையும் தொடாது அவற்றைச் சூழ்ந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே மீளும். புள்ளி கோட்டை ஆளும். ஆயினும் கோட்டில் இராது. இவ்வொப்புமையைக் கண்ட அளவில், நேர்ப்ஸைத் தமிழ்ப் பெண்டிர் முன்பே கண்டுவிட்டனர் என முழங்குவார் உளர். அது பொருந்தாக் கூற்று. கோலத்தின் புள்ளி கோட்டுக்கு எல்லை காட்டுகின்றது. கட்டுப்புள்ளியைப் போல எண்ணின் விகிதத்தால் ஈர்ப்பதில்லை. கோலத்துக்கும் கணினிக்கும் உண்மையில் உள்ள தொடர்பு வேறு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிப்ற் சிறோமணி, ராணி சிறோமணி ஆகியோரும் கமலா கிரிதிவாசனும் 1974இற் கோலங்களை ஒரு மொழியின் வாக்கியங்களைப்போற் கருதி, அவற்றை ஆக்கும் இலக்கண விதிகளைக் கணினி வரைகலை ஆய்விதழில் எழுதினர். இல்லாத பெருமையினும் இவ்வுள்ள பெருமை சாலச் சிறந்தது. கையில் மட்டும் வழங்கிய ஓர் அறிவுக்கு எழுத்து மொழி கிடைத்த நிகழ்ச்சி அது.

மட்டக்களப்புக் கரையின் தோணிகளுக்கு அத்தகைய எழுத்து இன்னும் வேண்டியதாகவே உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கல்குடா, பாசிக்குடா உள்ளிட்ட கீழைக்கரை முழுவதிலும் உயிர்களோடு படகுகளையும் வாரிச் சென்றது. இழந்தவற்றுக்கு ஈடாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். மரத்தோணி அதற்கு முன்பே அருகத் தொடங்கியிருந்தது. கண்ணாடியிழைப் படகை இகழ வேண்டியதில்லை. அது உளுப்பதில்லை, மரத்துக்காகக் காட்டை அழிப்பதில்லை. ஆனால் அச்சு ஒன்றிலிருந்து நூறு படகு பிறக்கின்றது. அவ்வச்சின் வளைவு எந்த நீருக்காக எங்கே வரையப்பட்டதோ, அந்த நீரையே அது அறியும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் ஆழமற்ற அமைதி நீருக்கென அடியைத் தட்டையாக்கி, விளிம்பைத் தாழ்த்தி, சவளும் கோலும் கொண்டு செலுத்தத்தக்கதாகச் செதுக்கிய வளைவு, மரத்தோணியோடு போய்விடின் எந்த அச்சிலிருந்தும் அதனை மீட்க இயலாது.

குறித்து வைத்தல் இன்று கடினமன்று. எஞ்சிய தோணி ஒன்றைக் கரையேற்றி மட்டமாக நிறுத்தி, நடுக்கோட்டிலே கயிறு கட்டி, ஓரடிக்கு ஓரடி அகலத்தையும் உயரத்தையும் அளந்தால் ஒரு பிற்பகலில் வேலை முடியும். வேண்டுவன அளவு நாடாவும் குண்டுநூலும் மட்டமும் குறிப்பேடும். அவ்வெண்களுக்கு மூன்றாம் படி வளைகோடொன்றைப் பொருத்தினால் விளிம்பின் முழுநீளத்தையும் ஆறேழு கட்டுப்புள்ளிகள் தாங்கிவிடும். ஓராண்டு மாணவர் குழு ஒன்று ஒரு துறையின் தோணிகளையெல்லாம் சில பக்கங்களில் எழுதிவிடலாம். வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகம் இருக்கின்றது. கிரானிலிருந்து அது தொலைவன்று.

அளப்போர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. மென்பொருளிற் படகு வரைவோர் ஒரு பக்கத்தை மட்டும் வரைந்து, மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் பெறுவது வழக்கம். கையாற் செதுக்கிய தோணியின் இரு பக்கங்களும் அச்சொட்டாக ஒத்திருப்பதில்லை. அவ்வேறுபாடு சிலவிடத்து மரத்தின் கோணல்; சிலவிடத்து உளியின் வழு; சிலவிடத்து, ஒருபுறமே இருந்து சவள் வலிப்போனின் வசதிக்காகத் தச்சன் அறிந்தே செய்தது. எது எவ்வகை என்பதை எண்கள் சொல்லா. ஆதலால் இரு பக்கங்களையும் தனித்தனி அளந்து தனித்தனி எழுதுதல் வேண்டும். தச்சன் உயிரோடிருப்பின் அவனை அழைத்து அருகில் இருத்திக்கொண்டு அளத்தல் வேண்டும்.